மூன்று ஞாயிறும் ஒரு கதவும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேலை நடக்கும். அம்மா ஜன்னல்களுக்கு அடிக்கும் பலகைகளை வெளியே எடுத்து வைப்பார். நான் ‘வேல்’ படகின் பாய்மரத்தை இறக்கிக் கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவேன். நவம்பர் முதல் மே பாதி வரை மொரீஷியசுக்குச் சூறாவளிக் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை அடித்துக்கொண்டு போனபோது, வேல் எங்கள் வீட்டுத் தென்னைகளில் கட்டுண்டு டிரெய்லரில் கிடந்தது. பத்தாம் நாள் தைப்பூசம். அந்தப் பத்து நாளும் விரதம் என்பதால் படகுப் பக்கமே போகவில்லை.

பாய்மரத்தை மறுபடி நிறுத்துவது மே மாதத்தில். தென்கிழக்குக் காற்று அப்போதுதான் நிலைகொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் அது மாயேபூர்க் கடற்கரையில் நிற்பவர் தொப்பியைப் பிடுங்கும் அளவுக்கு வீசும். இந்த ஆண்டு மே மாதத்தில் நிறுத்திய பாய்மரம் என்னை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் படுத்திய பாட்டைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் ஆசிரியன். வீட்டில் பேச்சு பிரெஞ்சு வழி வந்த கிரியோல். பிள்ளைகளுக்குக் கப்பல் படம் காட்டும்போது பாய்மரம், பாய், சுக்கான், நங்கூரம் வரைக்கும் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் என் வாயில் வருவதெல்லாம் கடற்கரையில் கேட்டு வளர்ந்த சொற்கள்தான். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் ஓபாங். முன்னால் மூக்குக்குப் போகும் கம்பி எத்தே. கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு ரிதுவார். உங்கள் ஊரில் டர்ன்பக்கிள் என்பார்கள். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்ற சொல்லை அகராதியில் பார்த்த நாளில் ஏதோ காணாமல் போன சித்தியைக் கண்டுபிடித்தவன்போல் குதித்தேன். அதை மட்டும் விடுவதாக இல்லை. மற்றவற்றைப் பக்கக் கம்பி, முன்கம்பி, திருகு என்றே எழுதுகிறேன்.

வேல் 17 அடி ஃபைபர் படகு. 2019-இல் ஊரைக் காலி செய்து போன ஒருவரிடம் வாங்கினேன். பாய்மரம் 7 மீட்டர் அலுமினியம். அது படகின் அடிவரைக்கும் இறங்காது. மேல்தளத்தின் மேல் ஒரு தகட்டில் நிற்கும். தகட்டுக்கு நேர் கீழே, சிறிய அறைக்குள், ஒரு மரத்தூண் அந்தப் பாரத்தை வாங்கி அடித்தளத்துக்குக் கொடுக்கும். பக்கத்துக்கு ஒரு மேல்கம்பி, ஒரு கீழ்க்கம்பி. மேல்கம்பி பாதி வழியில் ஒரு குறுக்குக் கையின் நுனியைத் தொட்டுக்கொண்டு இறங்கும். பின்னால் கம்பி கிடையாது. குறுக்குக் கைகளும் கம்பி மாட்டும் தகடுகளும் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்தள்ளி இருப்பதால், பக்கக் கம்பிகளே பின்னாலும் இழுத்து முன்கம்பியை விறைப்பாக்கும். எனவே பக்கக் கம்பி தளர்ந்தால் முன்கம்பியும் தளரும். முன்பாயின் விளிம்பு தொட்டில்போல் தொங்கும். படகு காற்றை எதிர்த்து ஏறவே ஏறாது.

என் சித்தப்பாவுக்கு இந்தக் கம்பி சமாச்சாரமே பிடிக்காது. அவர் பிரோக் ஓட்டியவர். பெரிய பாய் கட்டிய மரப் படகு, மாயேபூர் ரெகாத்தா என்ற பாய்ப்படகுப் போட்டியில் ஆட்கள் விளிம்புக்கு வெளியே உடம்பைத் தொங்கவிட்டு ஓட்டுவது. அவருடைய பிரோகில் பாய்மரம் குறுக்குப் பலகையின் துளை வழியே இறங்கி அடிக்கட்டையில் உட்காரும், அவ்வளவுதான். காற்று மிஞ்சினால் மரம் வளைந்து கொடுக்கும், பாய் தானாகக் காற்றைச் சிந்தும். “இரும்புக் கம்பியால கட்டிப் போட்டா அது பாய்மரமா, கைதியா?” என்பார். அவர் சொன்னது கிரியோலில். இங்கே வரும் பேச்செல்லாம் என் மொழிபெயர்ப்பு.

முதல் ஞாயிறு. நான், அக்கா மகள், பக்கத்து வீட்டு மீனவர். படகு டிரெய்லரில். ஒருவர் பாய்மரத்தைத் தோளில் வாங்கி நடந்து உயர்த்த, ஒருவர் முன்கம்பியில் கட்டிய கயிற்றை இழுக்க, ஒருவர் பக்கக் கம்பிகள் எங்கும் சிக்காமல் பார்க்க. அரை மணி நேர வேலை. திருகு கழலாமல் பூட்டும் பிளவு ஊசி ஒன்று புல்லில் விழுந்து தொலைந்ததால் ஒரு மணி நேரம் ஆனது.

பிறகு நேர்நிறுத்தல். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எஃகு அளவு நாடாவை ஆஞ்சானில் கட்டி உச்சிக்கு ஏற்ற வேண்டும். நாடாவின் கீழ்முனையை வலப்பக்கக் கம்பி மாட்டும் தகட்டுக்கு இழுத்து அளவெடு, அப்படியே இடப்பக்கத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் உச்சி நடுவில் இருக்கிறது. எனக்கு 18 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. ஒரு பக்கத் திருகைத் தளர்த்தி மறுபக்கத்தை இறுக்கிச் சரிசெய்தேன். உச்சி நடுவில் வந்துவிட்டதால் மட்டும் மரம் நேராகிவிடாது, இடுப்பு ஒரு பக்கம் பிதுங்கி நிற்கலாம். பாய்மரத்தின் அடியில் கன்னத்தை வைத்து, பாய் நுழையும் பள்ளத்தின் வழியே ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தால் தெரிந்துவிடும். இடுப்பைத் திருத்துவது கீழ்க்கம்பிகளின் வேலை.

அடுத்தது பின்சாய்வு. ஆஞ்சானில் ஒரு பெரிய நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடாமல் இருக்க நட்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டேன். பாய்மரத்தின் பின்முகத்துக்கும் கயிற்றுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர். மரம் அதிகம் பின்னால் சாய்ந்தால் பாயின் பாரம் பின்னுக்குப் போகும், படகு ஓயாமல் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும், சுக்கான் கையைப் பிடுங்கும். முன்னால் சாய்த்தால் சுக்கான் உயிரில்லாமல் கிடக்கும். இரண்டு விரலால் பிடித்தால் போதும் என்கிற அளவுக்குக் கொஞ்சம் இழுப்பு இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. காற்று கூடும்போது கை முதலில் அறிந்துகொள்ளும்.

இனி இறுக்கம். இதை அளக்கக் கருவி விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. தச்சர் வைத்திருக்கும் 2 மீட்டர் மடக்கு அளவுகோல் போதும். 19 இழை முறுக்கிய ஒற்றைக் கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு: 2 மீட்டர் நீளத்தில் கம்பி 1 மில்லிமீட்டர் நீண்டால், அது அறுந்துபோகும் பாரத்தில் 5 விழுக்காட்டைத் தாங்குகிறது என்று பொருள். கம்பி எந்தத் தடிமனாக இருந்தாலும் இதே கணக்கு. தடித்த கம்பிக்குப் பாரமும் கூடும், நீள மறுப்பதும் கூடும். கம்பியைக் கையால் மட்டும் விறைப்பாக்கி, அளவுகோலின் மேல்முனையைக் கம்பியில் டேப் போட்டு ஒட்டுகிறோம், கீழ்முனை திருகுக்கு மேலே கம்பியின் முனை செருகியிருக்கும் உலோகக் குப்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இறுக்க இறுக்கக் கம்பி நீளும். கோலுக்கும் குப்பிக்கும் நடுவே இடைவெளி விழும். 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 15 விழுக்காடு. மேல்கம்பிகளை அங்கே நிறுத்தினேன். என் 4 மில்லிமீட்டர் கம்பி ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். அதில் 15 விழுக்காடு ஏறக்குறைய 200 கிலோ. இரண்டு மேல்கம்பி, முன்கம்பி, கீழ்க்கம்பிகள் எல்லாம் கூட்டிப் பாருங்கள். பாய் ஏற்றும் முன்பே, காற்றே இல்லாத முற்றத்தில், அந்த 7 மீட்டர் மரம் தன் காலடியை அரை டன்னுக்கு மேல் அழுத்துகிறது. இந்த எண்ணிக்கையை அன்று நானே சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மதியம் கடலில். பவளத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் தட்டையாக இருக்கும், காற்று மட்டும் தடையில்லாமல் வரும். கம்பி சரிபார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 12 நாட் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். முஷ்வார் ரூஜ் தீவின் சிவப்புக் கூரையை இடப்பக்கம் வைத்துக் காற்றை ஒட்டி ஏறினோம். காற்றுக்கு மறுபுறமுள்ள பக்கக் கம்பி லேசாகத் தளர வேண்டும், ஆடக் கூடாது. ஆடினால் இறுக்கம் போதாது. தளரவே இல்லையென்றால் அதிகம். உச்சி காற்றடிக்கும் திசையில் மடங்கினால் மேல்கம்பிக்கு அரைத் திருகு. இடுப்பு தொய்ந்தால் கீழ்க்கம்பிக்கு. தளர்ந்த பக்கத்தைத்தான் தொட வேண்டும், பாரம் ஏறிய பக்கத்தில் திருகைத் திருப்பினால் மரையே தின்றுவிடும். பிறகு படகைத் திருப்பி மறுபக்கத்துக்கும் அதே அரைத் திருகு. எத்தனை திருப்பினோம் என்பதைப் பென்சிலால் அறைக் கதவின் உட்புறம் எழுதினேன். எல்லாம் சொன்னபடி கேட்டது. கரைக்கு வந்து சித்தப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு கோலை வைத்துப் பார்க்கிறேன், இடைவெளி 1 மில்லிமீட்டர். முன்கம்பி விரலால் தள்ளினால் அசைகிறது.

புதுக் கம்பி கொஞ்சம் நீளும் என்பது தெரிந்ததே. பழைய கம்பிகளைப் போன ஆண்டு மாற்றியிருந்தேன். அந்தப் பழையதில் குப்பி அருகே ஒரே ஓர் இழை அறுந்து, கொக்கிபோல் நிமிர்ந்து நின்று என் கட்டைவிரலைக் கிழித்தது. 19-இல் ஒன்றுதானே என்று விடக் கூடாது. ஓர் இழை போனால் மற்றவை பின்னாலேயே வரும். வெப்பமும் உப்பும் உள்ள எங்கள் கடலில் எவர்சில்வரும் நம்பத்தகுந்ததல்ல, அது காற்றுப் படாத இடத்தில், டேப்புக்கு அடியில், குப்பிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஒரு கடையில் 316 தர எஃகு என்று உறுதி சொல்லித் தந்த ஊசிகள் மூன்றே மாதத்தில் டீ நிறமானதும் உண்டு. அந்தக் கடைப் பக்கம் இப்போது போவதில்லை.

ஆகவே புதுக்கம்பி படிந்துவிட்டது என்று முடிவுகட்டி, மரையில் கொஞ்சம் லானோலின் கொழுப்புத் தடவி, மீண்டும் 3 மில்லிமீட்டருக்கு இறுக்கினேன். கதவில் எண்ணிக்கை எழுதினேன். ஓட்டினோம். நன்றாகவே ஓடியது, முதல் ஒரு மணி நேரம். திரும்பும்போது சுக்கான் கனத்தது. பொயிந்த் தெஸ்னிக்கு நேரே, 2020-இல் வகாஷியோ கப்பல் தட்டி எண்ணெயைக் கொட்டிய பவளத் திட்டை வெள்ளை நுரையாகப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு மணி நேரம் காற்றை எதிர்த்துத் தடவித் தடவி வந்தோம். அந்த எண்ணெய் நாட்களில் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்பு செய்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். வேலின் நங்கூரக் கயிற்றில் அப்போது ஒட்டிய கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. எதையோ சொல்ல வந்து எங்கோ போகிறேன்.

மூன்றாம் ஞாயிறு. மறுபடி 1 மில்லிமீட்டர். சித்தப்பா அன்று வந்திருந்தார். ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்து, “ரொம்ப இறுக்குற, அதான் விட்டுக் குடுக்குது. பாதியாக் கொறை” என்றார். யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாதியாகக் குறைத்தேன். படகு அன்று கடலில் நொண்டியது. மறுபக்கக் கம்பி துணிக்கொடிபோல் ஆடியது, ஒவ்வோர் அலைக்கும் பாய்மரம் ‘டக்’ என்று தூக்கிப் போட்டது. தளர்ந்த கம்பிதான் பாய்மரத்தை முறிக்கும். இறுக்கத்தைவிட இந்த அதிர்ச்சிப் பாரம் மோசமானது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அறிந்த மரத்துக்கு அவர் சொன்னது சரி.

கரையில் மறுபடி முழு அளவுக்கு இறுக்கினேன். அதே நேரம் எண்ணிக்கை எழுதக் கதவை இழுத்தேன். கதவு பாதியில் சிக்கிக்கொண்டது.

“மாமா, காலைல இந்தக் கதவு நல்லாத்தானே சாத்துச்சு?” என்றாள் அக்கா மகள்.

அவள் ரெதுவியில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, என் பென்சிலை வாங்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். மேல்கம்பி 6 மீட்டர். 2 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 9 நீண்டிருந்தது. வாரக் கடைசியில் 2 மீட்டருக்கு 1, மொத்தம் 3. அப்படியானால் வாரத்துக்கு 6 மில்லிமீட்டர் எங்கோ போகிறது. “புதுக் கம்பி படியறது ஒரு தடவைதான் நடக்கும். வாராவாரம் ஆறாறு மில்லிமீட்டர் படியாது. கம்பி நீளலைன்னா, படகு குட்டையாகுது மாமா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடக்குக்கோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் தவழ்ந்து போனாள். மேல்தளத்தின் அடிப்பரப்பிலிருந்து அடித்தளம் வரை தூணருகே ஓர் அளவு, தூணிலிருந்து தள்ளி இரண்டு பக்கமும் இரண்டு அளவு. தூணருகே மட்டும் 17 மில்லிமீட்டர் குறைவு. மேல்தளம் அங்கே தட்டுப்போல் குழிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஒரு நேர்க்கோலைக் குறுக்கே வைத்தால் தெரிகிறது. கதவுச் சட்டம் அந்தக் குழிவோடு சேர்ந்து இறங்கியதால்தான் கதவு சிக்கியது. மூன்று வாரமாக அந்தக் கதவில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

தூணின் அடியில் திருப்புளியை வைத்தேன். குத்தக்கூட இல்லை, வைத்தேன். அது பாதிப் பிடி வரைக்கும் இறங்கியது. தூண் நின்ற பிளைவுட் கட்டை பழைய அல்வாபோல் ஆகியிருந்தது. உப்புத் தண்ணீர் மரத்தை அவ்வளவு கெடுப்பதில்லை. கெடுத்தது மழை. பாய்மர விளக்குக்கான மின்கம்பி மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் ரப்பர் வாய் வெடித்திருந்தது. ஐந்து கோடை மழை அந்தத் துளை வழியே தூணைத் தடவிக்கொண்டு இறங்கி, அடியில் தங்கியிருக்கிறது. நான் ஒவ்வொரு முறை திருகு போட்டபோதும் அரை டன் பாரத்தைக் கொண்டு அந்தத் தூணைச் சேற்றுக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருகுகளில் மரை முடியப் போகிறது என்பதையும் கவனித்தேன்தான். அடுத்த ஆண்டு கம்பியைக் கொஞ்சம் குட்டையாக வெட்ட வேண்டும் என்று குறித்துவைத்தேன். அத்தனை புத்தி.

பாய்மரம் மறுபடி இறங்கியது. அழுகிய கட்டையைக் கரண்டியால் தோண்டி எடுத்தோம், உளி தேவைப்படவில்லை. மூன்று வாரம் அந்தக் குழியைக் காயவிட்டேன். ஈரத்தின் மேல் எப்பாக்சி ஒட்டாது. ரப்பர் வாயை மாற்றினேன். மின்கம்பி வெளியே ஒரு வளைவு போட்டுக் கீழிருந்து மேலே நுழையும்படி செய்தேன், தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

புதுக் கட்டைக்கு மரம் சித்தப்பாதான் தந்தார். அவருடைய கடைசி பிரோகைப் பிரித்தபோது எடுத்துவைத்த தக்கமாக்கா மரம், உள்ளங்கை அகலம், இரும்புபோல் கனம். தக்கமாக்கா என்று நாங்கள் சொல்வது உங்கள் ஊர்ப் புன்னைதான். கடற்கரையில் வளைந்து நிழல் தரும் அந்த மரம்தான். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பல்களுக்குப் பாய்மரமாகவே போனது புன்னையின் உறவு மரம். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே குஷி. “பாய்மரத்துக்குக் காலடியாவது மரமா இருக்கட்டும்” என்றார். கட்டையை நாலு பக்கமும் எப்பாக்சியில் தோய்த்து, தூணின் வெட்டுமுகத்தையும் தோய்த்து, ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றைக் கடன் வாங்கி மேல்தளத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கினோம். ‘கிரீச்’ என்று ஒவ்வொரு சத்தம் வரும்போதும் நான் நிறுத்தினேன், அக்கா மகள் “இன்னும் 4 இருக்கு மாமா” என்றாள்.

ஜூலை முதல் ஞாயிறு பாய்மரத்தை இரண்டாம் தடவையாக நிறுத்தினோம். நாடா, நட்டு, வாளி, மடக்குக்கோல், எல்லாம் முதலிலிருந்து. குறுக்குக் கைகளையும் இந்த முறை பொறுமையாகப் பார்த்தேன். கம்பி அதன் நுனியில் மடங்கும் கோணத்தைக் கை சரிபாதியாக வெட்ட வேண்டும், அதாவது கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் மேல்நோக்கி நிற்க வேண்டும். இடக்கை ஒரு விரல்கடை தொங்கியிருந்தது. தொங்கும் கை பாரம் ஏறினால் இன்னும் வழுக்கும், கம்பி தளரும், மரம் போகும். திருத்தினேன். ஊசிகளைப் பிளந்து மடக்கினேன், திருகு பிரிந்து வராதிருக்க. ஊசி முனைகள்மேல் மட்டும் டேப், குப்பிகளைக் காற்றாட விட்டேன்.

18 நாட் வீசியது. முழுப் பாயோடு என் தகுதிக்கு அது அதிகம், பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக்கொண்டு சிங்க மலையைப் பார்த்து ஏறினோம். 1810-இல் இதே விரிகுடாவில் நடந்த சண்டையில் சிரியஸ், மாஜிசியென் என்ற இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் பவளத்தில் ஏறி உட்கார்ந்தன. ஓட்டிவந்தவர்களே அவற்றுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் வரும்போது எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன், ஏன் என்று தெரியாது. மறுபக்கக் கம்பி லேசாகத் தளர்ந்தது, ஆடவில்லை. பள்ளத்தின் வழியே பார்த்தேன், உச்சி வரை ஒரே கோடு. சித்தப்பா சுக்கானை இரண்டு விரலால் பிடித்திருந்தார். நான் சொல்லித் தரவில்லை.

கரைக்கு வந்ததும் கோலை வைத்தேன். 3. அடுத்த ஞாயிறும் வைத்தேன், 3-க்கு ஒரு முடி குறைவு. வலது கீழ்க்கம்பிக்கு இன்னும் அரைத் திருகு வேண்டும் என்று கதவில் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அக்கா மகள் கதவை வாங்கி மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.